ஒருவரும் கேட்காத ஊர்

மகன் கட்டப்போகிறவள் யப்பான்காரப் பெண் என்று தெரிந்தபோது கமலாம்பிகை அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அதற்கெல்லாம் அவளிடம் தெம்பு இருக்கவில்லை. ரொறொன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில், ஒரு பேக்கரியின் பாண் தொழிற்சாலையில் அவளுக்கு விடியப்புறத்து வேலை. பெல்ற்றில் வந்துகொண்டேயிருக்கும் பாண்களைப் பையில் போட்டு முடித்து வீட்டுக்கு வந்தால் கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போலிருக்கும். கலியாணப் பேச்செடுத்தாலே அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற கஜீவன், முப்பது தாண்டிய பிறகாவது தானாகவே ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினானே, அதுவே போதும் என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது.

நவோமியும் நல்ல பிள்ளை. பார்க்டேலில் பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறாள். இவர்களுடைய யூனியன்வில் வீட்டுக்கு வந்த முதல் நாளே யாரும் சொல்லாமல் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி ஓரமாக அடுக்கி வைத்தாள். கமலாம்பிகையின் கணவர் தில்லையம்பலம் அதைப் பார்த்துவிட்டு மகனிடம், "உந்தப் பிள்ளையை விட்டிடாதை" என்றார்.

குழப்பம் றஜிதாவின் வாயிலிருந்துதான் வந்தது. றஜிதா, தில்லையம்பலத்தின் தங்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்தாள்.

"மச்சாள், பெட்டையின்ரை அம்மம்மா ஹிரோஷிமாவாம். உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும். தம்பி கஜீவன் சொன்னவன்."

"குண்டு விழேக்கை அங்கை இருந்தவவாம்."

"ஓம். அவ செத்துப்போய்க் கொஞ்ச வருசமாச்சு."

"அவ போனது சரி மச்சாள். அந்தக் கதிர்வீச்சு ரத்தத்திலை நிக்குமாமே. பிள்ளையளுக்கு வருமாம், பேரப்பிள்ளையளுக்கும் வருமாம். எங்கடை ஆக்களுக்குள்ளை செய்யிறதெண்டால் எத்தினை இடத்திலை விசாரிப்பம்? இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யிறதே? நான் நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

நல்லதுக்குச் சொன்னது கமலாம்பிகையின் நெஞ்சில் முள்ளாக ஏறி நின்றது. பாணைப் பையில் போடும்போதெல்லாம், இன்னும் பிறக்காத ஒரு பேரப்பிள்ளையின் முகம் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த முகத்தில் ஏதோ ஒன்று சரியில்லாமலிருந்தது. என்ன சரியில்லை என்று பார்ப்பதற்குள் அடுத்த பாண் வந்துவிடும்.

இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு மகனிடம் மெல்லக் கதையெடுத்தாள். கஜீவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினான்.

"அம்மா, ப்ளீஸ். டோன்ற் கோ தெயார்."

"நான் சும்மா கேக்கிறன் தம்பி."

"சும்மாவும் கேக்காதேங்கோ. அவையளிட்டை உந்தக் கதையை மட்டும் கேட்டுப்போடாதேங்கோ. ஓகேயா?"

அவள் ஓம் என்றாள். ஆனால் முள் இறங்கவில்லை.

ஓகஸ்ட் ஆறாம் திகதி பின்னேரம் டவுன்ரவுணில், சிற்றி ஹோல் முன்றலில், ஹிரோஷிமா நினைவுக் கூட்டம் ஒன்று நடக்கும். நவோமியின் தாய் றெய்கோ ஒவ்வொரு வருடமும் போகிறவள். இந்த முறை சம்பந்தி வீட்டாரையும் வரச்சொல்லிக் கேட்டிருந்தாள். இரு பகுதியும் முதன்முதலாகச் சந்திப்பது அங்கேதான் என்று ஆகிவிட்டது.

"மே மாசம் ஒண்டு, யூலையிலை ஒண்டு, நவம்பரிலை ஒண்டு" என்று தில்லையம்பலம் விரல் மடித்தார். "எங்கடை செத்த ஆக்களுக்கு நிண்டு நிண்டே கால் ஓய்ஞ்சு போச்சு. இனி யப்பான்காரற்றை ஆக்களுக்கும் போய் நிக்கோணுமே?"

"சம்பந்தி வீடு கூப்பிடேக்கை போகாமல் விடேலுமே?"

"சம்பந்தம் பேசுற இடமே அது?"

ஆனாலும் அன்று பின்னேரம் அவர்தான் முதலில் வெளிக்கிட்டு, சேர்ட்டுக்கு அயர்ன் போட்டு நின்றார். கமலாம்பிகை வேலையால் வந்து குளித்துச் சேலை உடுத்தபோது கண் தானாகச் செருகியது. கோ ரெயினில் யூனியன் ஸ்ரேஷன் வரும்வரை நித்திரை கொண்டாள்.

பே வீதி வழியே நடந்து முன்றலுக்குப் போனால், அங்கே நினைவுக் கூட்டம் ஒன்று நடக்கப் போகிறது என்று சொன்னால்தான் தெரியும். ரொறொன்ரோ என்ற பெரிய எழுத்துகளுக்கு முன்னால் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாரியில் ஐஸ் மேல் சறுக்கி விளையாடும் தடாகத்தில் இப்போது தண்ணீர் நின்றது. பிள்ளைகள் அதில் காலை விட்டு அளைந்துகொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் சில வரிசைக் கதிரைகள், ஒரு சின்ன மேடை, மைக். கதிரைகளில் பாதி வெறுமையாகக் கிடந்தது. இருந்தவர்களில் தலை நரைக்காதவர்கள் குறைவு.

"இதுவும் எங்கடை கூட்டம் மாதிரித்தான்" என்று தில்லையம்பலம் மெதுவாகச் சொன்னார்.

றெய்கோ கதிரைகளுக்கிடையில் வந்தாள். கட்டைப் பெண். ஒட்ட வெட்டிய நரைத்த தலை. இடது காலைச் சற்று இழுத்து நடந்தாள். தலையைச் சாய்த்து வணங்கிவிட்டு, அது போதாது என்று நினைத்தவள் போலக் கையையும் நீட்டினாள்.

"உங்களை வீட்டுக்குத்தான் முதலில் அழைத்திருக்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "ஆனால் என் அம்மாவை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நவோமி பிடிவாதம். எங்கள் அம்மா இங்கேதான் கிடைப்பார்."

அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே களைத்துப்போனது.

கஜீவனும் நவோமியும் காகித விளக்குகள் இருந்த பெட்டிகளைத் தூக்கப் போனார்கள். தில்லையம்பலம் கழிவறை தேடிப் போனார். இரண்டு பெண்களும் கடைசி வரிசையில் இருந்தார்கள்.

"நீங்கள் பேசுவீங்களோ?" என்று கமலாம்பிகை கேட்டாள். தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலம். அவசரத்துக்கு உதவும், நயத்துக்கு உதவாது.

"அம்மா இருக்கும்வரை அம்மா பேசினார். அவர் போன பிறகு என்னை ஏற்றிவிடுகிறார்கள். நான் ஒன்றையும் பார்த்தவள் இல்லை. நான் பிறந்தது இந்த ஊரில். அம்மாவின் கதையை அம்மாவின் குரலில் சொல்லிவிட்டு இறங்குகிறேன்." றெய்கோ முழங்காலைத் தடவிக்கொண்டாள். "பல்லுத் துலக்குவது போல ஆகிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது."

அந்த இடத்தில் கமலாம்பிகை ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். வந்தது வேறு.

"உங்கள் அம்மாவுக்கு என்ன நோய் வருத்தம் இருந்தது?"

றெய்கோ திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஏதும் இருக்கோ? நவோமிக்கு? நாளைக்குப் பிள்ளை பிறந்தால்..."

கேட்டு முடித்த பிறகுதான் கமலாம்பிகைக்குத் தான் கேட்டுவிட்டது தெரிந்தது. தடாகத்தில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து அழுதது. தாய் ஓடி வந்து தூக்கினாள். றெய்கோ அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பதில் சொன்னாள். கோபமில்லாமல், எத்தனையோ காலமாக ஒப்படைக்காமல் வைத்திருந்த பொருளை உரியவரிடம் கொடுப்பவள் போலச் சொன்னாள்.

"அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது, தைரொயிட். அது குண்டாலா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எண்பத்தாறு வயது வரை இருந்தார். எனக்குப் பிரஷர். நவோமிக்குக் கண்ணாடி. யப்பானில் எத்தனையோ வருடமாக எங்களைப் போன்ற பிள்ளைகளை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். தாய் தகப்பனிடமிருந்து ஒன்றும் வந்ததாகக் காணவில்லை என்றுதான் சொல்கிறார்கள்."

"நான் பிழையாய்..."

"அம்மாவுக்கு அங்கே மூன்று இடத்தில் கலியாணம் பேசி மூன்றும் நின்றுபோனது" என்று றெய்கோ தொடர்ந்தாள். "மூன்றாவது தரம் மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கே வந்து, அம்மாவை முன்னுக்கு இருத்தி வைத்துக் கேட்டாளாம். உன் வயிற்றில் நல்ல பிள்ளை பிறக்குமா என்று. எனக்குத் தெரியாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது, அப்போது ஒருவருக்கும் தெரியாது. பிறகு கனடாவிலிருந்து பெண் தேடி வந்த என் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே இருபது வருடம் ஹிரோஷிமா என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒசாக்கா என்றுதான் எல்லோருக்கும் சொல்வார். ஒருவரும் கேட்காத ஊர் என்று இந்த ஊரை எவ்வளவு விரும்பினார் தெரியுமா?"

மேடையிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். றெய்கோ கதிரையின் முதுகைப் பிடித்து எழுந்தாள்.

"போய்விட்டு வருகிறேன்" என்றாள்.

மைக்கில் அவளுடைய குரல் சமமாக வந்தது. என் அம்மா ஃபுமிக்கோவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தீ பரவாமலிருக்க வீடுகளை உடைத்து வீதியை அகலமாக்கும் வேலைக்கு அவருடைய வகுப்பு முழுவதையும் அனுப்பியிருந்தார்கள். அன்று காலை அம்மாவுக்கு வயிற்றோட்டம். பாட்டி வீட்டில் மறித்துவிட்டார். அவர்களுடைய வீடு ஒரு குன்றுக்குப் பின்னால் இருந்தது. அம்மாவின் சிநேகிதி வழமை போலக் கூப்பிட வந்து வாசல் படலையில் நின்றாள். நான் இன்றைக்கு வரவில்லை, நீ போ என்று அம்மா சொன்னார். அவள்...

றெய்கோ நின்றுவிட்டாள்.

முதலில் எல்லோரும் அது துக்கம் என்று நினைத்துப் பொறுத்திருந்தார்கள். ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் நவோமி பாதி எழுந்தாள். றெய்கோ கையைக் காட்டி அவளை இருத்தினாள்.

"மிச்சம் உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. பாட்டுக்காரர்கள் அவசரமாக எழுந்து பாடத் தொடங்கினார்கள். கமலாம்பிகை தலையைக் குனிந்து தன் சேலைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து விளக்குகளைத் தண்ணீரில் விட்டபோது, றெய்கோ களைப்பாக இருக்கிறாள் என்று நவோமி தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். கஜீவன் அவர்களோடு போனான். போகும்போது தாயைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும் ரெயினில் தில்லையம்பலம் அவளுடைய வலது பக்கத்தில் இருந்தார். எங்கே போனாலும் அவருக்கு அந்தப் பக்கம்தான். அவளுக்கு இடது காது கேளாது. எண்பத்தேழில் ஊரில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தபோது போனது. அடுத்த வருடம் தில்லையம்பலத்தின் ஆட்கள் பெண் பார்க்க வந்தபோது, கமலாம்பிகையின் தாய் அவளை இடது பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல இருத்திவைத்தாள். யாராவது ஏதும் கேட்டால் சிரித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டு என்று சொல்லியிருந்தாள். பிறகு கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீட்டில் குடியிருந்தபோதுதான் அவருக்குத் தெரிய வந்தது என்று இத்தனை காலமும் அவள் நினைத்திருந்தாள். அவர் அதைப்பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

"அந்த மனுசி ஏன் பாதியிலை நிப்பாட்டினவ?" என்று தில்லையம்பலம் கேட்டார். "நீர் என்ன கதைச்சனீர்?"

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார். கென்னடி ஸ்ரேஷனில் ஆட்கள் ஏறி இறங்கி, ரெயின் திரும்ப வெளிக்கிட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, பின்னாலை குசினிக்குள்ளை யாரோ ஒரு தட்டத்தைப் போட்டவை. எல்லாரும் துள்ளித் திரும்பினவை. நீர் மட்டும் சத்தம் வந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பிப் பாத்தனீர்."

கமலாம்பிகை அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உங்களுக்கு அண்டைக்கே தெரியுமே?"

"தெரியும்."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் கொம்மா என்ன சொல்லியிருப்பா? பாவம் மனுசி." அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஊர் முழுக்க ஷெல் விழுந்துகொண்டிருக்கு. ஒரு காதைப் போய்க் கேக்கிறதே?"

  

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கமலாம்பிகை வீட்டுக்குப் போகவில்லை. கடையில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கினாள். பாகிஸ்தான் மாம்பழம், அந்த வருடத்துக் கடைசி வரவு. பஸ், சப்வே, பிறகு ஸ்ரீட்கார். பெட்டியைக் கட்டியிருந்த நைலோன் பட்டி விரலை அறுத்தது. பார்க்டேலில் இறங்கி விலாசத்தைக் கண்டுபிடித்து மணியை அடித்தபோது, பேக்கரித் தொப்பியைக் கழற்ற மறந்திருந்தது நினைவுக்கு வந்தது. கழற்றிக் கைப்பைக்குள் திணித்தாள்.

றெய்கோதான் கதவைத் திறந்தாள். வெறுங்கால், பாதம் ஈரமாக இருந்தது. உள்ளே சோபாவுக்கு முன்னால் ஒரு பேசினில் சுடுதண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"கால் வீக்கம்" என்றாள். "வாருங்கள். மன்னியுங்கள், நான் திரும்பக் காலை வைக்கப் போகிறேன்."

வைத்தாள். கமலாம்பிகை எதிரே இருந்த மற்றச் சோபாவில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த ஆங்கில வசனங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தன.

"இந்தக் காது எனக்குக் கேளாது" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "எங்களுக்கும் ஊரிலை சண்டை. குண்டு விழுந்தது. கலியாணத்துக்கு முதல் அம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கலியாணம் நடந்திராது. அப்பிடி இருந்துகொண்டு நான் உங்களைக் கேட்டன்."

பாதி ஆங்கிலம், பாதி தமிழ். றெய்கோவுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. காதைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"என்னாலைதான் நீங்கள் பாதியிலை நிப்பாட்டினீங்கள்" என்றாள் கமலாம்பிகை.

"இல்லை." றெய்கோ தலையை ஆட்டினாள். "உங்களால் என்று சொன்னால் எனக்குச் சுகம். ஆனால் இல்லை. அந்தப் பிள்ளை படலையில் நிற்கிற இடம் வரும்போதெல்லாம் என் அம்மாவின் குரல் உடையும். எனக்கு ஒரு நாளும் உடைந்ததில்லை. ஏழு வருடமாக உடையவில்லை. அன்றைக்கு அந்த இடத்துக்கு வந்தபோது, இந்தப் பிள்ளையை நான் எத்தனை தரம் சாக அனுப்புவது என்று தோன்றியது. அவ்வளவுதான்." காலை மாற்றி வைத்தாள். "நேற்று அவர்களுக்குச் சொல்லிவிட்டேன், இனி நான் பேசமாட்டேன் என்று. வந்து கதிரையில் இருப்பேன். அது போதும் என்றார்கள். போதாது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

 பிறகு றெய்கோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்:

"உங்கள் மகனுக்குக் காது ஒழுங்காகக் கேட்குமா?"

கமலாம்பிகை திடுக்கிட்டுப் போனாள். றெய்கோவின் உதடு துடிப்பதைக் கண்ட பிறகுதான் விளங்கியது.

"நான் சொல்லுறது மட்டும் கேளாது" என்றாள்.

றெய்கோ சிரித்தாள். பேசினில் தண்ணீர் அலம்பி வெளியே சிந்தியது. கமலாம்பிகைக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. இரண்டையும் அவள் மறிக்கவில்லை.

எழும்ப வேண்டாம் என்று றெய்கோவை இருத்திவிட்டுத் தானே குசினிக்குப் போய்க் கத்தி தேடி எடுத்து மாம்பழம் வெட்டி வந்தாள். கொட்டையோடு இருந்த சதையை எப்படிச் சாப்பிடுவது என்று றெய்கோ கேட்டாள். அப்பிடியே சூப்புங்கோ என்று காட்டிக்கொடுத்தாள். கலியாணம் வருகிற வசந்தத்தில் வைக்கலாம், மண்டபம் பெரிதாக வேண்டாம், இரண்டு பகுதியிலும் வருகிறவர்கள் எல்லாம் வயது போனவர்கள், படியில்லாத இடமாகப் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். றஜிதாவிடம் என்ன சொல்வது என்று கமலாம்பிகை ஒரு நிமிடம் யோசித்தாள். விசாரிச்சாச்சு, பிரஷர் மட்டும்தான், அது எங்கடை ஆக்களிட்டையும் இருக்கு என்று சொன்னால் முடிந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய தலை சோபாவில் சாய்ந்தது. விடியப்புறத்திலிருந்து நின்ற கால். கொஞ்சம் கண்ணை மூடுவோம் என்று மூடினாள்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. அவள் மேல் ஒரு மெல்லிய போர்வை கிடந்தது; றெய்கோ எழும்பி வந்து போட்டிருக்க வேண்டும். எதிரே றெய்கோவும் நித்திரையாகிவிட்டிருந்தாள், வாய் சற்றுத் திறந்தபடி, கால்கள் இன்னும் பேசினுக்குள். கமலாம்பிகை குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிக் குளிர்ந்து போயிருந்தது. துவாய் ஒன்றை எடுத்து வந்து, எழுப்பாமல் ஒவ்வொரு பாதமாகத் தூக்கித் துடைத்துத் துவாயின் மேல் வைத்தாள். பேசினைக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றினாள். மாம்பழக் கத்தியையும் தட்டங்களையும் கழுவிக் கவிழ்த்தாள்.

போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தாள். சொல்லாமல் போவது சரியில்லை. வந்து சோபாவில் இருந்து, சம்பந்தி கண் விழிக்கும்வரை காத்திருந்தாள்.